வராதே என்று ஏற்றிய கொடி

சிவப்புக் கொடி என்றால் ஆபத்து என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். அந்தத் துணிக்குத் தானாக ஒன்றும் தெரியாது.

துறைமுகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கொடிகளின் பெயரையும் நிறத்தையும் பயிற்சியில் படித்திருப்பீர்கள். அதை நானும் ஒருமுறை ஒப்பிக்கப் போவதில்லை. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றி. இத்தனை வருஷம் ஆகியும் அதை உட்கார்ந்தபடி என்னால் சொல்ல முடிவதில்லை. பாதியில் எழுந்து நின்றுவிடுவேன். வீட்டில் சிரிப்பார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடலுக்குள் நீண்டிருந்த பழைய இரும்புப் பாலத்தைப் புயல் கொண்டுபோயிருந்தது. சில தூண்கள் மட்டும் தண்ணீரில் நின்றன. கப்பல் கரைக்கு வராது. ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை இறக்கிக் கொண்டுவருவது சலங்குகள். சலங்கு என்றால் ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பெரிய படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். சலங்கின் தலைவனைத் தண்டல் என்பார்கள். கரையில் ஒரு கூட்டம் கயிற்றோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். சலங்கு உள்ளே வரும் நேரம் பார்த்துக் கயிற்றை வீசிப் பிடித்து, அடுத்த அலை புரட்டுவதற்குள் இழுத்துப் போடும். அந்தக் கைகள் இல்லாமல் எந்தத் தண்டலும் கரையேற முடியாது.

நான் கொடிமரத்து ஆள். என்னோடு அதே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் காதர். கொடி தைப்பது, ஏற்றுவது, இறக்குவது அவன் பொறுப்பு. தூரக்கண்ணாடியில் கப்பலைப் பார்த்து அதன் கொடிகளைப் படிப்பது என் பொறுப்பு. எங்களுக்கு மேலே துறைமுக அதிகாரி. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், நிதானமான மனிதர். அவரோடுதான் புதுக் கொடி ஏற்பாடும் வந்தது. பழையதில் இருந்த பலவற்றை மாற்றினார்கள். மாற்றங்களைப் படகு முதலாளிகளைக் கூட்டி விளக்கினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். தண்டல்களிடம் அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

ஐப்பசி மாதம். சிமெண்டு மூட்டைகளோடு ஒரு கப்பல் வந்து நின்றது. விடிந்ததும் சலங்குகள் எல்லாம் அதை நோக்கிப் போய்விட்டன. வெயில் ஏறவேண்டிய நேரத்தில் வடகிழக்கில் வானம் கறுத்தது. காற்று திரும்பியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையோர அலை எழுந்தது. முதலில் ஒரு வரிசையாக உடைந்துகொண்டிருந்த அலை மூன்று வரிசையானது. மூன்றாவது வரிசை உடைந்தபோது எங்கள் காலடியில் மண் அதிர்ந்தது.

அதிகாரி வெளியே வந்து கடலைப் பார்த்தார். ஒரு பார்வைதான்.

"இதுல எந்தப் படகும் கரைக்கு வரக்கூடாது. எல்லாரும் கப்பல்கிட்டயே இருக்கட்டும். சிவப்பு ஏத்துங்க."

புது ஏற்பாட்டில் சிவப்புக்கு அதுதான் பொருள்: கரை மூடியது, கப்பலருகிலேயே இரு. காதர் கயிற்றை இழுத்தான். கொடி உச்சிக்குப் போய்ப் படபடவென்று விரிந்தது. அழகான பெரிய கொடி. நல்ல சிவப்பு. கப்பல் உடனே பதில் கொடி காட்டியது. புரிந்தது என்று அர்த்தம். நான் கண்ணாடியைச் சலங்குகளின் பக்கம் திருப்பினேன்.

அவை திரும்பிக்கொண்டிருந்தன. கரையை நோக்கி!

முன்னால் ஒன்று, சற்றுப் பின்னால் நான்கைந்து. மூட்டைகளோடு, துடுப்பு போடுகிறவர்கள் எழுந்து எழுந்து வலிக்க, வேகமாக வந்துகொண்டிருந்தன. இன்னும் சில சலங்குகள் மட்டும் கப்பலை ஒட்டியே இருந்தன.

"அவங்க பார்க்கல! பெரிய கொடியா ஏத்து! வெடி போடு!" என்றார் அதிகாரி.

காதர் கொடிப் பெட்டியைத் திறக்க ஓடினான். நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முன்னால் வந்த சலங்கில் தண்டல் நிமிர்ந்து எங்கள் கொடியைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஆட்களிடம் கையை வீசி இன்னும் வேகமாக வலிக்கச் சொன்னான். அந்த ஒரு கையசைவில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சார், பாத்துட்டாங்க. பாத்ததாலதான் வர்றாங்க!"

பழைய நாளில் இதே மரத்தில் சிவப்பு ஏறினால், வேலை நின்றது, உடனே கரைக்குத் திரும்பு என்று பொருள். அப்பன் காலத்திலிருந்து அவர்கள் உடம்பில் ஊறியது அது. கப்பல் தலைவனுக்கு இந்தக் கொடி 'இரு' என்றது. தண்டலுக்கு 'வா' என்றது. ஒரே துணி, ஒரே மரம், ஒரே காற்று!

இங்கேதான் உங்களை நிறுத்திக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு அடையாளம் பலிக்காதபோது நம் கை முதலில் போவது அடையாளத்தின் மேல்தான். இன்னும் பெரிதாக, இன்னும் சிவப்பாக, இன்னும் சத்தமாக என்று தோன்றும். ஆனால் அடையாளம் என்பது தனியாக நிற்கிற பொருள் இல்லை. எதைப் பற்றிச் சொல்கிறோமோ அது ஒன்று, இங்கே அலை. எதைக் காட்டிச் சொல்கிறோமோ அது ஒன்று, இங்கே கொடி. அதைப் பார்த்து ஏதோ ஒன்றைச் செய்கிறவன் ஒருவன். மூன்றுக்கும் தனித்தனிக் குணம். அலையின் குணம், கொடி உச்சிக்குப் போவதற்குள் மாறிவிடுவது. கொடியின் குணம், நன்றாகத் தெரிவது. அதில் அன்று ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவனின் குணம், தனக்கு முன்பே தெரிந்ததை வைத்துப் பார்ப்பது. கோளாறு மூன்றாவது இடத்தில் இருக்கும்போது இரண்டாவதைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? ஆபத்தும் பெரிதாகும். அவ்வளவுதான்.

இதையெல்லாம் அன்று இவ்வளவு ஒழுங்காக நான் யோசித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று என் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"இறக்கு!"

காதர் திரும்பி ஓடிவந்து கயிற்றில் கை வைத்தான். அதிகாரி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இறக்காதே! கப்பல்காரன் இதைப் பார்த்துதான் மிச்சப் படகுங்களை நிறுத்தி வெச்சிருக்கான். இறக்கினா கரை திறந்தாச்சுன்னு எல்லாத்தையும் அனுப்பிடுவான்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த நொடியில் அதை அவர் பார்த்தாரே, அதை நான் இன்றும் வியக்கிறேன். கொடியை ஏற்றியே வைக்கவும் வேண்டும், அது சொல்வதைச் சலங்குக்காரர்கள் கேட்கவும் கூடாது. வேறு கொடி போட முடியாது; புதுக் கொடிகளில் எதை அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வெடியும் அவர்களுக்குத் திரும்பி வா என்றுதான் கேட்கும். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. கத்தினால் எங்கள் காதுக்கே கேட்காது.

கீழே கரையில் ஒரே கூச்சல். சலங்குக்காரர்களின் பெண்டுபிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கயிற்றுக்காரர்கள் அலைக்குள் இறங்கித் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் புடவைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்து, இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்கள்: "வராதீங்க! வராதீங்க!"

நான் கண்ணாடியில் சலங்கைப் பார்த்தேன். ஒரு துடுப்புக்காரன் கரையைக் காட்டி என்னவோ சொன்னான். கூப்பிடுகிறார்கள் என்று சொல்லியிருப்பான். கடலிலிருந்து பார்த்தால் வராதே என்று ஆட்டும் கைக்கும் வா என்று ஆட்டும் கைக்கும் என்ன வித்தியாசம்?

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே தண்டலுக்குப் புரிகிற ஒன்று இருக்கிறது. கயிறு பிடிக்க ஆள் இல்லாத கரை.

"காதர், கரையைக் காலி பண்ணணும்!"

அவன் கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினான். பிறகு இரண்டு பேரும் மணலில் விழுந்தடித்து ஓடினோம்.

கூட்டத்தின் முன்னால் நின்றவள் செல்லம்மா. பின்னால் வந்துகொண்டிருந்த சலங்குகளில் முதலாவதின் தண்டல் சிங்காரத்தின் மனைவி. கரையில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. இடுப்பில் கைக்குழந்தை. முன்னால் வந்த சலங்கில் அவளுடைய தம்பி ராமு துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, எல்லாரையும் மேல கூட்டிக்கினு போங்க. கரையில ஒரு ஆளு நிக்கக்கூடாது!"

"இன்னாய்யா சொல்ற? எங்க ஆளு அங்க சாவக் கெடக்கறான், நாங்க ஊட்டுக்குப் போய்க் குந்தணுமா?"

"நீங்க கைய ஆட்டறது அவங்களுக்குக் கூப்பிடற மாதிரி தெரியுது. கயிறு புடிக்க ஆளு நிக்கறதப் பாத்துத்தான் வர்றாங்க. ஆளே இல்லன்னா திரும்பிடுவாங்க."

"திரும்பலைன்னா? புடிக்க ஆளில்லாம அலையில அடிச்சிக்கினு போனா, நீ பதில் சொல்வியா?"

"தெரியலக்கா" என்றேன். "ஆனா இப்பிடியே நின்னா கண்டிப்பா வந்துடுவாங்க. அந்த அலையப் பாருங்க."

அவள் அலையைப் பார்த்தாள். எத்தனையோ சலங்குகள் கரையேறியதைப் பார்த்த கண் அது. மூன்றாவது வரிசை எழுந்து, ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு நின்று, நுரையாக உடைந்து விழுந்தது. அவள் திரும்பினாள்.

"ஏய்! கயிறப் போட்டுட்டு மேல வாங்கடா! எல்லாரும் ரோட்டுப் பக்கம் நடங்க! முதுகக் காட்டி நடங்க. மொகம் தெரிஞ்சா நம்மளப் பாத்துக்கினே வருவானுங்க. முதுகு தெரியட்டும்!"

முதுகைக் காட்டுவது அவள் யோசனை. எனக்கு அது தோன்றியிருக்காது.

கூட்டம் முதலில் அசையவில்லை. அவளே முதலில் நடந்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கயிற்றைப் போட்டுவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினார்கள்.

அதே நேரத்தில் பின்னால் ஒரு ஓசை. பலகை பிளக்கிற ஓசை.

முன்னால் வந்த சலங்கு இரண்டாவது அலைவரிசைக்குள் வந்திருந்தது. திரும்ப அதற்கு இடமில்லை. அலை அதைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிட்டது. தண்ணீரில் தலைகள் தெரிந்தன. கயிற்றுக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் கடலை நோக்கி ஓடத் தொடங்கினார்கள்.

என் வாழ்நாளில் அதைவிடக் கடினமான வார்த்தையை நான் சொன்னதில்லை.

"ஓடாதீங்க! நீங்க ஓடினா பின்னாடி வர்றவங்க உதவிக்கு வந்துடுவாங்க!"

"மனுசனாடா நீ?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். பிடித்த கையை நான் விலக்கவில்லை.

காதர்தான் வழி கண்டான். என் பேரைச் சொல்லிக் கத்தினான்: "வேலு, நீரோட்டம் தெக்க இழுக்குது. அவங்க இங்க கரையேற மாட்டாங்க, பழைய பாலத்துத் தூணுக்குக் கீழதான் ஏறுவாங்க. அங்க மரம் அடுக்கி வெச்சிருக்கு, கடல்லேர்ந்து பாத்தா ஆளு தெரியாது. நீஞ்சத் தெரிஞ்சவன் எல்லாம் என் பின்னாடி வாங்க. குனிஞ்சி ஓடுங்க!"

என் சட்டையைப் பிடித்தவன் விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினான். ஏழெட்டுப் பேர், கயிற்றோடு, மேட்டு மணலுக்குப் பின்னால் குனிந்தபடி தெற்கே பறந்தார்கள்.

மீதிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. செல்லம்மா முன்னால். அவளுக்கும் அந்த ஓசை கேட்டது. அது யாருடைய சலங்கு என்று அவளுக்குத் தெரியும். இடுப்புக் குழந்தை அவள் தோளுக்கு மேலே கடலைப் பார்த்து அழுதது. அவள் திரும்பவில்லை. பக்கத்தில் நடந்த ஒருத்தி திரும்பப் பார்த்தபோது, கழுத்தைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டாள். "நட" என்றாள். அவ்வளவுதான். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, கால் நிற்கவில்லை.

நான் கொடிமரத்துக்கு ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்தேன். ஓடிவந்த இரைப்பில் கண்ணாடி ஆடிப் படகு ஒன்று நான்காகத் தெரிந்தது. அதிகாரி என் பின்னால் வந்து என் முழங்கைகளைத் தாங்கிப் பிடித்தார்.

"சொல்லு, இன்னா தெரியுது?" எப்போதும் 'என்ன' என்று பேசுகிறவருக்கும் கரைக்காரர்களின் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றுதான் கவனித்தேன்.

"வந்துக்கினேதான் இருக்காங்க சார்... வந்துக்கினே... தண்டல் எழுந்து நிக்கறான்... கரையப் பாக்கறான்... கொடியப் பாக்கறான்... மறுபடி கரைய..."

சிங்காரம் கையைத் தூக்கினான். துடுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. சலங்கு அலையில் ஏறி இறங்கியது. அவன் கழுத்து நரம்பு புடைக்க என்னவோ கத்துவது தெரிந்தது. துடுப்புகள் மறுபக்கம் விழுந்தன. சலங்கின் மூக்கு மெல்ல, மிக மெல்ல, கிழக்கே திரும்பியது. பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"திரும்பிட்டாங்க! சார், திரும்பிட்டாங்க!"

அதிகாரியும் நானும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். வெட்கமே இல்லாமல் குதித்தோம்.

தெற்கே காதரின் ஆட்கள் கவிழ்ந்த சலங்கின் ஆட்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். எல்லோரும் உயிரோடு வந்தார்கள். கடைசியாக ராமு. தோள் எலும்பு முறிந்து, நுரையும் மணலுமாக. செல்லம்மா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் காரியமாக அவனை ஓர் அறை விட்டாள். "கொடியப் பாத்து வந்தியாடா, அலையப் பாக்கலியா?" என்று கேட்டுவிட்டு, பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

சலங்குக்காரர்களை மேலே ஏற்றிக்கொண்டு, சலங்குகளைப் பின்னால் கட்டி இழுத்தபடி கப்பல் ஆழத்துக்குப் போய்விட்டது. கடல் அடங்கியபின் திரும்பி வந்தது.

அதற்குள் நான் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். வெறும் கரையைக் காட்டிப் பேசினேனே, அவன் அதைச் சரியாகப் படித்தானே என்று காதரிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஆகவே சிங்காரத்தின் சலங்கு கரையேறியதும் நான்தான் முதலில் ஓடினேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து செல்லம்மாவின் முகத்தைத் தொட்டான். குழந்தையின் தலையைத் தொட்டான். பக்கத்தில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டான். அவன் ஆட்களும் அப்படியே செய்தார்கள். பேயைப் பார்த்தவர்கள் போல இருந்தார்கள்.

"கயிறு புடிக்க ஆள் இல்லன்னு பாத்துத்தானே திரும்புனீங்க?" என்று நான் ஆசையாகக் கேட்டேன்.

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் 'ஐயா' என்பதற்கு 'முசே' என்பான்.

"கயிறா? முசே, ஊரே புள்ளையத் தூக்கிக்கினு ஓடறதப் பாத்தோம். கடல் ஊருக்குள்ள ஏறப்போவுதுன்னு நெனச்சோம். அப்பிடி ஏறுச்சின்னா ஆழத்துல இருக்கறவன்தான் பொழைப்பான். அதான் திரும்பினோம். கப்பல்ல ஒருத்தனும் சோறு தொடல. கரையில ஒரு உசுரும் இருக்காதுன்னுதான் வந்தோம்."



நான் காட்டியது ஒன்று, அவன் படித்தது வேறொன்று. அவன் செய்தது மட்டும் நாங்கள் வேண்டியதாக அமைந்துவிட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, குடும்பமே போயிற்று என்று நினைத்துக்கொண்டு கப்பல் தளத்தில் கிடந்தது.

அதிகாரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சலங்குக்காரர்கள் கொடியை மதிக்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதும்படி அவருக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். அவர் அப்படி எழுதவில்லை. அடுத்த வாரமே தண்டல்களை எல்லாம் கொடிமரத்தடியில் உட்கார வைத்தார். செல்லம்மாவையும் கூப்பிட்டோம். ஒவ்வொரு கொடியாகக் காதர் ஏற்றினான். இதற்கு என்ன பொருள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நாம் விரும்புகிற பதிலைச் சொல்லித் தலையாட்டிவிடுவார்கள். "இத பாத்தா இன்னா பண்ணுவே?" என்றுதான் கேட்டோம். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகும்வரை கொடியை மாற்றிக்கொண்டே இருந்தோம். சிவப்பு அவர்களுக்கு 'வா' என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கப்பலருகில் இரு என்பதற்குக் கறுப்புப் பந்து ஒன்றைத் தொங்கவிட முடிவானது. நீங்களும் எந்த அடையாளத்தைப் புதிதாக வைத்தாலும், அதைப் பார்க்கப்போகிறவனை அழைத்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து நீங்களும் அதைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து எழும்போது செல்லம்மா கேட்டாள்: "இரு இருன்னு சொல்றீங்க, சரி. நாங்க நல்லா இருக்கோம்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லியா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் காதரைப் பார்த்தேன். வேலைக்கு அது தேவையில்லாத செய்திதான். எந்தக் கப்பலுக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை. காதர் உள்ளே போய் ஒரு வெள்ளைக் கொடியை எடுத்துவந்து, இரண்டு முறை ஏற்றி இறக்கிக் காட்டினான்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் மறுபடி அலை எழுந்தது. கறுப்புப் பந்து ஏறியது. ஒரு சலங்கும் கப்பலை விட்டு நகரவில்லை. பிறகு காதர் வெள்ளையை ஏற்றி இறக்கினான், இன்னொரு முறை ஏற்றி இறக்கினான். நான் கண்ணாடியில் பார்த்தேன். சிங்காரம் சலங்கில் எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுழற்றினான்.

"இன்னா சொல்றான்?" என்று காதர் கேட்டான்.

அப்படி ஒரு சைகை எங்கள் விதிமுறையில் கிடையாது. கண்ணாடியை அவனிடமே கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சோறு துன்னப் போறானாம்."